பிறந்தநாள் மத்தியானச் சாப்பாடும் ஒரு சட்டி வட்டிலப்பமும்: முதன்முறை சமைப்போருக்கு

திருகோணமலையில் பிறந்தநாள் சாப்பாட்டுக்கு 10 பேரைக் கூப்பிட்டால் 14 பேருக்குச் சமைக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் பெரியம்மா, வழியில் கண்டு சொன்ன கூட்டாளி என்று நாலு பேர் எப்படியும் கூடும். கீழே உள்ள அளவுகள் அந்த 14 பேருக்கானவை. அதில் நாலைந்து பேர் சிறுபிள்ளைகள் என்றால் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சட்டும்.

புதிதாகச் செய்கிறவர்கள் விடும் பெரிய பிழை, எல்லாவற்றையும் அன்றைக்குக் காலையில் தொடங்குவது. வீட்டில் இருப்பது இரண்டு அடுப்பு, ஒரு தேங்காய்த் திருவலை. அதை வைத்துக்கொண்டு சோறு, கறிகள், சொதி, இனிப்பு எல்லாம் 12.30க்கு முன் வந்து சேராது. இனிப்பு முதல்நாள் பின்னேரமே முடிந்து பிரிஜ்ஜுக்குள் போய்விட வேண்டும். முட்டை, கருப்பட்டி, தேங்காய்ப்பால் மூன்றையும் கலந்து அவிக்கும் வட்டிலப்பத்தை இங்கே சொல்வது அதற்காகத்தான். அவித்து ஓர் இரவு வைத்தால் அதன் ருசி கூடும். பாயாசமும் கேசரியும் அப்படியில்லை. அன்றைக்கே கிண்டி, சூட்டோடு கொடுக்க வேண்டியவை.

நாளையும் ஆளையும் பார்த்து

சாமான் வாங்க முன்பு நாட்காட்டியைப் பாருங்கள். பிறந்தநாள் வெள்ளிக்கிழமையில் விழுந்தால் பல வீடுகளில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், சமைப்பதில்லை. முட்டையும் அந்தக் கணக்கில்தான் வரும், ஆகவே வட்டிலப்பமும் நின்றுவிடும். கந்தசஷ்டி போன்ற விரத நாட்களும் அப்படித்தான். ஒன்றில் சாப்பாட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள், அல்லது பின்னால் சொல்லியிருக்கும் முட்டையில்லாத இனிப்பைச் செய்யுங்கள்.

கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ முஸ்லிம் நண்பர்கள் வருவதென்றால் கோழியை ஹலால் கடையில் வாங்குங்கள். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆத் தொழுகை முடிந்து அவர்கள் வந்துசேர ஒரு மணி தாண்டும், நேரத்தை அதற்கேற்பச் சொல்லுங்கள். வட்டிலப்பம் அவர்கள் வீட்டுப் பெருநாள் இனிப்பு. நல்லதும் கெட்டதும் ஒரு கரண்டியிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பதால் கருப்பட்டி வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கூப்பிடும்போதே இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள்: சைவம் யார், முட்டையோ கஜுவோ ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா. பந்தியில் உட்கார்ந்த பிறகு கேட்டால் அந்த ஆளுக்கு அப்பளமும் சோறும்தான் மிஞ்சும்.

சாமான் கணக்கு

சோற்றுக்குச் சம்பா 9 சுண்டு, ஏறத்தாழ 1.75 கிலோ. தம்பலகாமத்து நெல்லைக் குற்றிய அரிசி கிடைத்தால் நல்லது. பருப்பு 400 கிராம். பொரித்த குழம்புக்குக் கத்தரிக்காய் 1 கிலோ. பால்கறிக்குப் போஞ்சியோ பூசணியோ முக்கால் கிலோ. மீன், வெட்டித் துப்புரவாக்கிய பின் 2 கிலோ நிற்க வேண்டும், அதற்கு முழுமீனாக இரண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் வாங்குங்கள். அறக்குளாவும் பாரையும் துண்டு உடையாமல் நிற்கும். இவற்றோடு சொதி, அப்பளம், மோர்மிளகாய், ஒரு தயிர்ப் பச்சடி. இதற்கு மேல் கறி கூட்டாதீர்கள். எட்டுக் கறி வைத்து எல்லாம் அரைகுறையாவதைவிட நாலு கறி உப்புப் புளி சரியாக வருவதுதான் விருந்து.

மார்கழி, தை மாதங்களில் வாடை பலமாக வீசி எங்கள் பக்கக் கடல் கொந்தளிக்கும்போது மீன் வரத்துக் குறையும், விலையும் ஏறும். அந்த நாட்களில் மீனை விட்டுக் கோழிக்கு மாறுங்கள், 14 பேருக்கு இரண்டரைக் கிலோ. சித்திரையிலிருந்து ஆவணி வரை கடல் அமைதி, மீன் நிறைய வரும்.

தேங்காய் மொத்தம் 6. மூன்று வட்டிலப்பத்துக்கு, இரண்டு கறிகளுக்கு, ஒன்று சொதிக்கு. வட்டிலப்பத்துக்கு முதற்பாலை எடுத்தபின் அதே பூவில் 600 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் இரண்டாம் பால் கிடைக்கும். அது அடுத்தநாள் பருப்புக்கும் மீன்குழம்புக்கும் போதும். ஆனால் பிழிந்த உடனேயே பிரிஜ்ஜில் வையுங்கள். வெளியே ஓர் இரவு கிடந்த தேங்காய்ப்பால் விடியும்போது புளித்திருக்கும். அதை ஊற்றிய பருப்பு திரிந்து, மணமும் மாறிப்போகும்.

வட்டிலப்பம்: முதல்நாள் பின்னேரம்

வட்டிலில் ஊற்றி அவிப்பதால் இந்தப் பெயர் என்பார்கள். மலாய் மக்களோடு இலங்கைக்கு வந்த இனிப்பு என்றும் சொல்வார்கள். கணக்கு மிக இலேசானது: முட்டையும் கருப்பட்டியும் முதற்பாலும் ஒன்றுக்கொன்று சம எடை.

முட்டை 10. கோது நீக்கினால் ஒரு முட்டை 50 கிராம் அளவில் நிற்கும், ஆகவே பத்துக்கு 500 கிராம். சின்ன முட்டை என்றால் 12 எடுங்கள். கித்துள் (பனை இனத்து மரம்) கருப்பட்டி 500 கிராம். முதற்பால் 500 மில்லிலீற்றர். ஏலக்காய் 8, விதையை மட்டும் எடுத்துப் பொடித்தது. சாதிக்காய் சீவியது கால் தேக்கரண்டி, அதற்கு மேல் போட்டால் கைக்கும். உப்பு ஒரு சிட்டிகை. கஜு 75 கிராம், இரண்டாகப் பிளந்தது.

கருப்பட்டியில்தான் பாதி வெற்றி இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் கித்துள் கருப்பட்டியில் சீனி கலந்தது நிறைய. வாங்குமுன் ஒரு சின்னத் துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். நல்ல கித்துளில் புகைந்த மணமும் மெல்லிய கைப்பும் இனிப்போடு சேர்ந்து வரும். கலப்படமானது நாக்கில் வெறும் சீனியாகத்தான் நிற்கும். பனங்கருப்பட்டியிலும் செய்யலாம். நிறமும் மணமும் வேறாக வரும், அதுவும் நல்லதுதான்.

முதலில் கருப்பட்டியைக் கத்தியால் சீவி, 100 மில்லிலீற்றர் தண்ணீரோடு சட்டியில் போட்டு மெல்லிய நெருப்பில் கரையுங்கள். பாகு பதத்துக்குக் காய்ச்ச வேண்டாம். கரைந்த உடனே இறக்கி, துணியாலோ நுண்ணிய வடியாலோ வடியுங்கள். தும்பும் மண்ணும் வடியில் நின்றுவிடும். பிறகு ஆற விடுங்கள். விரலை வைத்தால் வெதுவெதுப்பு மட்டும் தெரிய வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு முட்டையில் ஊற்றினால் அந்த இடத்திலேயே முட்டை வெந்து திரளும். பிறகு எத்தனை தரம் வடித்தாலும் பழைய பதத்துக்கு வராது.

ஆறும் நேரத்தில் மூன்று தேங்காயையும் திருவுங்கள். கறுப்பு ஓட்டுத்தோல் வரை போகாதீர்கள், பால் பழுப்பாகும். 350 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்து பிழிந்தால் 500 மில்லிலீற்றர் வரும். முற்றின காயாக இருக்க வேண்டும், இளங்காயில் பால் தடிப்பாக இராது. பேணிப்பாலோ மாப்பாலோ பாவிப்பதானால் தடிப்பாகக் கரையுங்கள்.

முட்டைகளை ஒவ்வொன்றாகச் சின்னக் கோப்பையில் உடைத்துப் பார்த்துப் பெரிய பாத்திரத்தில் ஊற்றுங்கள். ஒரு கூழ்முட்டை விழுந்தால் ஒன்பதும் வீண். முள்ளுக்கரண்டியாலோ மரஅகப்பையாலோ வெள்ளையும் மஞ்சளும் கலக்கும் அளவுக்கு மட்டும் அடியுங்கள். பீற்றரைத் தொடாதீர்கள். நுரை எழும்பினால் மேல்பக்கம் பஞ்சுபோல வரும். இனி ஆறிய கருப்பட்டி, பிறகு தேங்காய்ப்பால், உப்பு, ஏலம், சாதிக்காய். எல்லாம் கலந்ததும் இன்னொரு தரம் வடியுங்கள். பலர் சோம்பலில் விடும் வேலை இது. கலங்காத வெள்ளைக்கரு நார்கள் இந்த வடிப்பில்தான் போகும்.

பாத்திரம் 22 சென்ரிமீற்றர் அகலம், 6 சென்ரிமீற்றருக்குக் குறையாத உயரம். கலவை அதில் 4 சென்ரிமீற்றர் அளவுக்கு நிற்கும். உள்ளே மெல்லிதாக நெய் பூசுங்கள். ஊற்றுமுன் ஒருதரம் அடியோடு கலக்குங்கள், கருப்பட்டி அடியில் தங்கும். மேலே நிற்கும் நுரையைக் கரண்டியால் வழித்தெடுங்கள். வாயை அலுமினியத் தாளால் இறுக மூடுங்கள்.

அவிப்பதற்கு இடியப்பச் சட்டியோ, பாத்திரம் இறங்கும் பெரிய சருவமோ போதும். அடியில் ஒரு வளையமோ பழைய பீங்கான் கோப்பையோ கவிழ்த்து வைத்து அதன்மேல் பாத்திரத்தை ஏற்றுங்கள். தண்ணீர் பாத்திரத்தைத் தொடக்கூடாது. மூடியைத் துணியால் சுற்றிக் கட்டினால் ஆவித்துளி மேலே சொட்டாது. துணி நுனி நெருப்பில் தொங்காமல் மேலே முடிந்துவிடுங்கள். தண்ணீர் கொதித்து ஆவி வந்தபின்தான் பாத்திரத்தை உள்ளே இறக்க வேண்டும். பிறகு நெருப்பை நன்றாகக் குறைத்து 40 முதல் 45 நிமிடம். மூடி தடதடவென்று ஆடினால் நெருப்புக் கூட. 25 நிமிடத்தில் தண்ணீரைப் பார்த்து, வற்றியிருந்தால் சுடுதண்ணீரே விடுங்கள். பச்சைத்தண்ணீர் விட்டால் ஆவி நின்றுபோகும்.

30 நிமிடத்தில் தாளை ஒரு பக்கம் திறந்து கஜுவைத் தூவுங்கள். தொடக்கத்திலேயே தூவினால் சில துண்டு அடிக்குப் போய்விடும். 40 நிமிடத்தில் நடுவில் ஈர்க்கு ஒன்றைக் குத்திப் பாருங்கள். திரவம் ஒட்டாமல் வந்தால் அடுப்பை அணையுங்கள். பாத்திரத்தை அசைத்தால் நடுப்பகுதி இலேசாகத் ததும்புவது சரிதான், ஆறும்போது இறுகும். அணைத்தபின் 10 நிமிடம் உள்ளேயே இருக்கட்டும். வெளியே எடுத்து ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு, மூடிப் பிரிஜ்ஜில் வையுங்கள்.

எங்கே பிழைக்கிறது

உள்ளே துளை துளையாக, வெட்டும்போது தண்ணீர் கசிந்தால் நெருப்புக் கூடிவிட்டது. முட்டை அளவுக்கு மிஞ்சிய சூட்டில் இறுகி, தன்னிடம் இருந்த நீரை வெளியே தள்ளிவிடும். துளை இருந்தால்தான் வட்டிலப்பம் என்பவர்களும் இருக்கிறார்கள், ஓரத்தில் கொஞ்சம் இருப்பதில் குற்றமில்லை. நடு வரைக்கும் அரிதட்டு மாதிரி வந்தால்தான் பிழை.

ஒரு மணித்தியாலம் கடந்தும் இறுகவில்லை என்றால் பால் தண்ணியாக இருந்திருக்கும், அல்லது முட்டை சின்னதாக இருந்திருக்கும். இன்னும் 15 நிமிடம் அவித்துப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் அதைக் கோப்பைகளில் ஊற்றிக் குளிரவைத்துக் கரண்டியால் சாப்பிடக் கொடுங்கள், ருசியில் குறை இராது. மேல்பக்கத்தில் வெளிறிய படை நிற்பது தேங்காய்க் கொழுப்பு மிதந்தது. அது பிழையே இல்லை.

முட்டை மணம் தூக்கலாக இருந்தால் ஏலம் பழையது. பொடித்து வைத்த ஏலத்தூளில் மணம் நிற்காது. காயை அன்றைக்கே உடையுங்கள்.

முட்டையில்லாமல் வேண்டுமென்றால்

கடற்பாசித் தூளை (அகர்) காய்ச்சி உறையவைக்கும் இனிப்பைச் செய்யலாம், அதையும் கடற்பாசி என்றே சொல்வோம். தண்ணீர் 200 மில்லிலீற்றரில் கடற்பாசித் தூள் 5 கிராமைக் கரைத்து, கலக்கியபடி இரண்டு நிமிடம் கொதிக்க வையுங்கள். முழுதாகக் கரையாவிட்டால் அடியில் மணல்போல நிற்கும். 150 கிராம் கருப்பட்டியைப் போட்டுக் கரைத்து வடித்து இறக்குங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் 300 மில்லிலீற்றர் முதற்பாலை ஊற்றிக் கலக்குங்கள். தேங்காய்ப்பாலும் நல்ல குளிராக இருக்கக்கூடாது. கொதிநிலையில் பாலை ஊற்றினால் கொழுப்பு மேலே ஏறி இரண்டு படையாகப் பிரியும். குளிர்ந்த பாலை ஊற்றினாலோ ஊற்றிய இடத்திலேயே கட்டிபடும். இது 6, 7 பேருக்குப் போதும், எல்லாருக்கும் என்றால் எல்லா அளவையும் இரட்டிப்பாக்குங்கள். வெயிலில் உருகாது என்பது இதன் பெரிய வசதி.

எதுவுமே சரிவராத நாளுக்கும் ஒரு வழி இருக்கிறது: கிண்ணியா எருமைத்தயிர் ஒரு முட்டி, கித்துள் பாணி ஒரு போத்தல். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அன்றைக்குக் காலை

கோணேசர் கோயிலிலோ பத்திரகாளி அம்மனிடமோ அர்ச்சனை செய்ய விரும்பினால் விடியவே போய் 8 மணிக்குள் திரும்புங்கள். கோட்டைக்குள்ளால் கோணேசர் மலைக்கு ஏறும்போது பிள்ளைகள் மான்களைக் கண்டால் நகர மாட்டார்கள், அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். வீட்டில் ஒருவர் அதற்குள் மீனுக்குப் போய்விட வேண்டும். கண் தெளிவாக, பூ (செவுள்) சிவப்பாக, விரலால் அமத்தினால் சதை திரும்ப எழும்புகிற மீனை எடுங்கள். சூரை, அறக்குளா இரண்டும் வெயிலில் கிடந்தால் முகம் சிவந்து உடம்பு கடிக்கும் நஞ்சு உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஐஸில் இருந்ததை வாங்கி, வெட்டிக் கழுவி, உப்பும் மஞ்சளும் பிரட்டிச் சமைக்கும் வரை பிரிஜ்ஜில் வையுங்கள்.

9 மணிக்குக் கத்தரிக்காயைப் பொரியுங்கள். எண்ணெய் நன்றாகக் காயாமல் போட்டால் ஒரு கிலோ கத்தரிக்காய் அரைப் போத்தல் எண்ணெயைக் குடித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பக்கத்து அடுப்பில் மீனுக்குக் குழம்பு கூட்டுங்கள்: சின்ன வெங்காயம் 200 கிராம், உள்ளி 12 பல், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, கறித்தூள் 5 மேசைக்கரண்டி, பழப்புளி 60 கிராம், நேற்றைய இரண்டாம் பாலில் பாதி. குழம்பு கொதித்து எண்ணெய் தெரிந்ததும் அணைத்து வையுங்கள். மீன் அதில் 11.15க்குத்தான் இறங்க வேண்டும். 10 முதல் 12 நிமிடத்தில் வெந்துவிடும். முன்கூட்டி வேகவைத்தால் துண்டு உடைந்து, சதையும் உலரும். மீன் போட்டபின் அகப்பை விடாமல் சட்டியின் காதைப் பிடித்துச் சுழற்றுங்கள். கடைசியில் முதற்பால் ஊற்றி ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள்.

10.15க்குப் பருப்பு, 10.45க்குப் பால்கறி. 11 மணிக்குச் சோறு. ஒன்பது சுண்டையும் ஒரே சட்டியில் போட்டால் அடி குழையும், மேல் வேகாது. ஐந்து சுண்டைக் குக்கரிலும் நாலைச் சட்டியிலும் போடுங்கள். புழுங்கல் சம்பாவுக்குச் சுண்டுக்கு இரண்டு சுண்டு தண்ணீர். 12 மணிக்குச் சொதி, தேசிக்காய்ப் புளி அடுப்பை விட்டு இறக்கியபின். அப்பளமும் மோர்மிளகாயும் ஆட்கள் வந்தபிறகு பொரிக்க வேண்டியவை.

பந்தி

ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும் மத்தியானத்தில் முற்றத்தில் பந்தி போடாதீர்கள். மண் வந்து சோற்றில் விழும், வாழையிலையும் நிற்காது. விறாந்தை போதும். முதல் பந்தி பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும். கேக் இருந்தால் அதைப் பின்னேரத்துக்கு வையுங்கள். 11.30க்கு ஐசிங்கைத் தின்ற பிள்ளை சோற்றைத் தொடாது.

ஆட்கள் கைகழுவப் போகும்போது வட்டிலப்பத்தை வெளியே எடுங்கள். பிரிஜ்ஜிலிருந்து எடுத்த உடனே தேங்காய்க் கொழுப்பு இறுகி வாயில் மெழுகாக நிற்கும், 20 நிமிடம் வெளியே இருந்தால் இளகிவிடும். தட்டில் கவிழ்க்க வேண்டுமென்றால் ஓரத்தைக் கத்தியால் சுற்றி விடுவித்து, பாத்திரத்தின் அடியைச் சுடுதண்ணீரில் 10 விநாடி வைத்து, தட்டை மூடித் திருப்புங்கள். கருப்பட்டிப் பாணி ஊறியிருக்கும், ஆகவே விளிம்புள்ள தட்டு வேண்டும். மெழுகுதிரி நடுவதென்றால் நடலாம், தாங்கும். ஒருவருக்கு 100 கிராம் அளவு வரும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் பாதித் துண்டும் பப்பாளிப் பழமும் வையுங்கள். கேட்டால் மீதியைக் கொடுக்கலாம், கட்டாயப்படுத்த வேண்டாம்.

கருப்பட்டி மணத்துக்கு எறும்பு எங்கிருந்தாவது வரும். தட்டைத் தண்ணீர் ஊற்றிய அகலமான தாம்பாளத்தின் நடுவில் ஒரு கோப்பைமேல் வையுங்கள்.

எங்கள் ஊர் வெயிலில் மீன்குழம்பும் பால்கறியும் சோறும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே கிடக்கக்கூடாது. எல்லாரும் வருமுன் முழுவதையும் மேசையில் பரப்பாமல், அடுப்படியில் சுடச்சுட மூடி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பரிமாறுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகக் கட்டிக்கொடுப்பதானால் பருப்பையும் கத்தரிக்காய்க் குழம்பையும் கொடுங்கள், தூரம் போகிறவர்களுக்கு மீன் வேண்டாம். மிஞ்சிய வட்டிலப்பம் மூடி வைத்தால் பிரிஜ்ஜில் இரண்டு மூன்று நாள் நிற்கும். ஐஸ் தட்டில் (பிரீசரில்) மட்டும் வைக்காதீர்கள், உருகும்போது தண்ணீராகப் பிரிந்துவிடும்.